ஆப்பு அறுத்த படலம்

எங்கள் வீட்டில் நேராக இருப்பது நாள்காட்டி ஒன்றுதான். அதுவும் ஆணியில் தொங்குவதால். தரையைத் தொடுகிற மற்ற எல்லாமே ஆடும். பீரோ ஆடும், கட்டில் ஆடும், அம்மாவின் தையல் மெஷின் தைக்காத நேரத்திலும் ஆடும். திண்டுக்கல் நாகல் நகர்ப் பக்கம் அப்பா கட்டிய வீடு. கட்டிய கொத்தனார் வாட்டம் விடுவதில் தாராள மனசுக்காரர். குளியலறைக்கு மட்டும் விட வேண்டிய வாட்டத்தைக் கூடம், படுக்கையறை, பூஜையறை என்று வஞ்சனை இல்லாமல் எல்லாவற்றுக்கும் விட்டிருக்கிறார். பூஜையறையில் எலுமிச்சம்பழம் வைத்தால் அது தானாகவே உருண்டு வாசலுக்கு வந்து திருஷ்டி கழித்துக்கொள்ளும்.

இந்த ஆட்டங்களுக்கெல்லாம் என் வைத்தியம் காகிதம். எது கைக்கு அகப்பட்டதோ அதை எட்டாக மடித்துக் காலுக்கடியில் சொருகிவிடுவேன். பீரோவுக்கடியில் தன் கல்யாணப் பத்திரிகை கிடப்பதை மைத்துனரே குனிந்து பார்த்துவிட்ட நாளிலிருந்து வீட்டில் காகிதத்துக்குத் தடை.

“ஒழுங்கா மரத்துல ஆப்பு செஞ்சு வைங்க. நாலு பேர் வந்து போற வீடு” என்றாள் மனைவி.

பிறகு ஆடி வந்தது. கன்னிவாடிப் பக்கமிருந்து மேல்காற்று இறங்கினால் எங்கள் வீட்டுக் கதவுகள் ஒன்றுக்கொன்று பதில் சொல்ல ஆரம்பிக்கும். வாசல் கதவு ‘டமார்’ என்றால் கொல்லைக் கதவு ‘டமார் டமார்’ என்னும். ஒவ்வொரு டமாருக்கும் அம்மா உள்ளேயிருந்து “யாருப்பா அது?” என்பாள். நான் “காத்தும்மா” என்பேன். “உள்ள வரச் சொல்லு” என்பாள். கதவடி ஆப்பு என்பது இனி மரியாதைப் பிரச்சினை மட்டுமல்ல என்றாகிவிட்டது.

ஆசாரி ஒருவரை அழைத்து வந்தேன். திண்ணையில் உட்கார்ந்தார். ஒரு வேப்பந்துண்டைக் கால் பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டார். வாய்ச்சியால் நாலு போடு. ஆப்பு கீழே விழுந்தது. இன்னொரு நாலு போடு, இன்னொரு ஆப்பு. பேச்சையும் நிறுத்தவில்லை, மகளுக்கு வரன் பார்க்கிற கதையைச் சொல்லிக்கொண்டே செதுக்கினார். எவ்வளவு என்று கேட்டதற்கு, “இதுக்கெல்லாமா சார்? ஒரு டீ சொல்லுங்க, போதும்” என்றார்.

புத்தியுள்ளவன் இந்த இடத்தில் டீ சொல்லிவிட்டுச் சும்மா இருந்திருப்பான். நானும் டீ சொன்னேன். ஆனால் சும்மா இருப்பது என் ஜாதகத்தில் இல்லை. ஆசாரி செதுக்கிய ஆப்புகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஒன்று போல் ஒன்று இல்லை. அலுவலகத்தில் கோப்பு தள்ளியே பழகிய எனக்கு ஒரே அளவு இல்லாத எதைக் கண்டாலும் குறிப்பெழுதத் தோன்றும். ஒரு மேஜை ரம்பம் இருந்தால் அச்சில் வார்த்ததுபோல எல்லாம் ஒரே சரிவில் வருமே! அன்று இரவே கைப்பேசியில் தேடி, சின்னதாக ஒரு மேஜை ரம்பத்துக்கு ஆர்டர் போட்டுவிட்டேன். அது எவ்வளவு விலை என்பதை ரூபாயில் சொல்லும் உரிமை எனக்கு வீட்டில் இல்லை. மனைவி அதை டீயாக மாற்றித்தான் சொல்வாள். “அந்தக் காசுக்குத் திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுல நிக்கிற அத்தனை பேருக்கும் ஒரு வாரம் டீ வாங்கிக் கொடுத்திருக்கலாம்.”

நம் பக்கம் மேஜை ரம்பம் என்றால் பெரும்பாலும் கடையில் வாங்குவதல்ல, வேலை நடக்கிற வீட்டிலேயே பிறப்பது. ஒரு பிளைவுட் மேஜை, நடுவில் ஒரு கீறல், கையில் பிடித்து அறுக்க வேண்டிய கட்டிங் மெஷினைத் தலைகீழாக அடியில் முடுக்கினால் தீர்ந்தது. சில இடங்களில் மார்பிள் அறுக்கிற மெஷினுக்கே மரப் பிளேடு மாட்டியிருப்பார்கள். விரலை எடுத்தால் விசை நின்றுவிடும் என்று மெஷின் செய்தவன் யோசித்து வைத்ததை, நம்மவர் ஒரு பிளாஸ்டிக் டேக்கைப் போட்டு இறுக்கிக் கட்டி முறியடித்திருப்பார். பிளேடுக்கு மேலே மூடி கிடையாது, பின்னால் தகடு கிடையாது. அந்தப் பிளேடுக்குப் பக்கத்தில் டீ கிளாஸ் மட்டும் தவறாமல் இருக்கும்.

வட்ட ரம்பம் ஒன்றும் நேற்று வந்த சங்கதி இல்லை. இங்கிலாந்தில் சவுதாம்ப்டனில் பாய்மரத் துணி தைத்துக்கொண்டிருந்த சாமுவேல் மில்லர் என்பவர் 1777-இல் வாங்கிய காப்புரிமையிலேயே அது வருகிறது. அப்போது நம் ஊர் மலைக்கோட்டை ஹைதர் அலியின் கையில் இருந்தது. அந்தக் கோட்டையைப் பிடிக்க வெள்ளைக்காரன் திரும்பத் திரும்ப வந்தான். எங்கள் வீட்டில் ரம்பம் வந்த ஒரு மரப்பெட்டியை நான் பிரித்ததற்கே அத்தனை எதிர்ப்பு.

பெட்டிக்குள் ரம்பத்தோடு ஒரு சிவப்புத் தள்ளுகுச்சி, பிளேடை மூடும் கண்ணாடி மூடி, பிறை வடிவில் ஒரு மெல்லிய தகடு, உலகத்துப் பாஷைகளில் தமிழைத் தவிர மற்றவற்றில் எழுதிய ஒரு கையேடு. கையேட்டில் எல்லாப் பாஷைக்கும் பொதுவாகப் படங்கள் இருந்தன. பெரும்பாலான படங்களில் ஒரு கை, அதன்மேல் ஒரு பெருக்கல் குறி.

கணக்குப் பார்க்கிற புத்தி எனக்கு எப்போதும் உண்டு, பெரும்பாலும் காசு கட்டிய பிறகு. 10 அங்குலப் பிளேடு, நிமிடத்துக்கு 4,500 சுற்று. காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். பிளேடின் விளிம்பில் இருக்கும் பல் ஒவ்வொன்றும் மணிக்கு ஏறத்தாழ 215 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. வைகை எக்ஸ்பிரஸ் 1977-லிருந்து ஓடுகிறது. ஒருநாளும் இந்த வேகத்தைக் கண்டதில்லை. அந்தப் பல் மட்டும் ரோட்டில் இறங்கிப் புறப்பட்டால் இருபது நிமிடத்துக்குள் மதுரை. நான் உட்கார்ந்திருக்கிற நாற்காலிக்கும் அந்தப் பல்லுக்கும் இடையில் இருப்பது ஒரு ஆப்பு அளவு மரம்தான் என்று புரிந்தபோது கொஞ்சம் தண்ணீர் குடித்தேன்.

பெரிய பலகை அறுப்பது பயம், சின்னத் துண்டு அறுப்பது சுலபம் என்றுதான் யாரும் நினைப்பார்கள். மேஜை ரம்பத்தில் அது நேர் தலைகீழ். பெரிய பலகைக்குக் கனம் இருக்கிறது, பிடிக்க இடம் இருக்கிறது, கை தூரத்தில் இருக்கிறது. ஆப்பு போன்ற ஒரு சிம்புக்கு இது எதுவும் கிடையாது. அதைப் பிடித்தால் விரல் பிளேடுக்குப் பக்கத்தில். பிடிக்காவிட்டால் அது பிளேடுக்கும் பக்கத்தடுப்புக்கும் நடுவில் மாட்டிக்கொள்ளும். மேஜை ரம்பத்தின் பிளேடு முன்பக்கம் கீழ்நோக்கி இறங்கும், பின்பக்கம் மேல்நோக்கி ஏறும். மாட்டிய துண்டைப் பின்பக்கப் பற்கள் தூக்கி, நிற்கிறவன் வயிற்றைப் பார்த்து அனுப்பும். ஈரக்கையில் புளியங்கொட்டையைப் பிதுக்கினால் எப்படிப் போகிறதோ அப்படி. வேகம் மட்டும் அந்த 215. மரம் போகிற வழியில் சில சமயம் கையையும் பிளேடுமேல் இழுத்துக்கொண்டு போகும். இங்கிலீஷ்காரர்கள் இதைக் ‘கிக்பேக்’ என்கிறார்கள். எங்கள் ஆசாரி “மரம் எத்தும் சார்” என்றார்.

எத்துவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. மரம் பார்க்கத்தான் செத்துக் கிடக்கும். உள்ளே நாரெல்லாம் இறுக்கத்தோடு இருக்கும். அறுக்க அறுக்க இறுக்கம் விட்டு, அறுத்த வாய் சில பலகைகளில் விரியும், சில பலகைகளில் மூடும். மூடினால் பிளேடைக் கவ்விப் பிடிக்கும். கவ்விய பலகை நிற்காது, எத்தும். இதைத் தடுக்கத்தான் பிளேடுக்குப் பின்னால் அந்தப் பிறைத் தகடு. ரைவிங் நைஃப் என்று பெயர். அறுத்த வாய்க்குள் அது நுழைந்து நின்றுகொண்டு, வாயை மூடவிடாமல் வைத்திருக்கும். அதாவது, அதுவே ஒரு ஆப்பு.

இதைப் படத்தில் பார்த்தபோது எனக்குச் சின்ன வயதில் கேட்ட குரங்கு ஞாபகத்துக்கு வந்தது. பஞ்சதந்திரக் கதை. தச்சர்கள் பாதி அறுத்த மரத்தில் வாய் மூடாமல் இருக்க ஒரு ஆப்பை அடித்துவிட்டுச் சாப்பிடப் போகிறார்கள். குரங்கு ஒன்று வந்து மரத்தின்மேல் உட்கார்ந்து, வேலையற்ற வேலையாக ஆப்பைப் பிடித்து அசைத்துப் பிடுங்குகிறது. பிளவுக்குள் தொங்கிக்கொண்டிருந்த சங்கதி மாட்டிக்கொள்கிறது. குழந்தைகளுக்குச் சொல்லும்போது வால் என்பார்கள். மேலே ஒருவர், குழிக்குள் ஒருவர் நின்று மரம் அறுத்த காலத்தில் இப்படி ஆப்படித்து வாயைத் திறந்து வைப்பது அன்றாடத் தொழில்முறை. இரண்டாயிரம் வருஷத்துக்கு அருகில் வயதான அந்தக் கதையில் எங்கள் ரம்பத்தின் பாதுகாப்புக் கையேடு அப்படியே இருக்கிறது. மெஷின் வாங்கியவர்கள் முதலில் கழற்றி எறிகிற உறுப்பும் அந்தத் தகடுதான். ‘பார்வையை மறைக்குது’, ‘இடைஞ்சலா இருக்கு’ என்பார்கள். எனக்கு உதவி செய்ய வந்த பக்கத்து வீட்டு நண்பரும் ஸ்குரூடிரைவரோடு வந்து முதலில் அதன்மேல்தான் கை வைத்தார்.

“அண்ணே, அது ஆப்புண்ணே. அசைக்காதீங்க” என்றேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, மனைவியின் பக்கம் திரும்பி, “தம்பி சரியாத் தூங்குறாரா?” என்று விசாரித்தார்.

மனைவி அதற்குள் தன் பங்குக்குப் படித்துவிட்டிருந்தாள். மேஜை ரம்பப் பிளேடில் கை பட்டு அமெரிக்காவில் ஆண்டுக்கு 30,000-க்கும் மேற்பட்டவர்கள் மருத்துவரிடம் போகிறார்கள் என்பது அவளுக்கு எப்படியோ தெரிந்திருந்தது. அதைச் சோறு போடும்போது சொன்னாள். நான் பதிலுக்கு ஸ்டீவ் காஸ் கதையைச் சொன்னேன். இயற்பியலில் முனைவர், தொழிலால் காப்புரிமை வக்கீல். 1999-இல் அவர் ஒரு யோசனை பிடித்தார். பிளேடில் சிறிதளவு மின் சமிக்ஞையை ஓடவிடுவது. மரம் பட்டால் அது மாறாது, சதை பட்டால் மாறும். மாறியவுடன் ஒரு அலுமினியக் கட்டை பாய்ந்து பிளேடைக் கவ்வி, ஒரு நொடியின் இருநூறில் ஒரு பங்குக்குள் நிறுத்திவிடும். விரலில் ஒரு கீறலோடு போகும். அதைக் கறிக் குழலான ‘ஹாட் டாக்’கை வைத்து ஊர் ஊராகச் செய்து காட்டினார். பிறகு ஒருநாள் தன் விரலையே கேமரா முன் வைத்துக் காட்டினார்.

“நம்ம மெஷின்ல அது இருக்கா?”

“அது விலை ஜாஸ்தி.”

“எத்தனை டீ?”

நான் ரசம் கேட்டேன்.

அன்றைக்குத்தான் பூட்டு வந்தது. திண்டுக்கல்காரனுக்குப் பூட்டைப் பற்றிச் சொல்லித் தர வேண்டியதில்லை. 2019-இல் பழனிப் பஞ்சாமிர்தத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்த அதே ஆகஸ்ட் மாதம் எங்கள் ஊர்ப் பூட்டுக்கும் கிடைத்தது; அதிலிருந்து மனைவிக்குப் பூட்டின்மேல் கூடுதல் மதிப்பு. ரம்பத்தின் வயர் முனையை ஒரு சின்னத் தகரப் பெட்டிக்குள் விட்டு, பெட்டியில் ஒரு மாங்காய்ப் பூட்டைத் தொங்கவிட்டாள். சாவி இடுப்புச் சாவிக்கொத்தில். நாத்தனார் பிள்ளைகள் லீவுக்கு வந்தால் பொத்தானை அமுக்கிப் பார்ப்பார்கள் என்பது அவள் சொன்ன காரணம். சாவி வாங்கப் போனபோதுதான் நானும் அந்தப் பிள்ளைகளில் ஒருவன் என்று தெரிந்தது.

“முதல்ல வேட்டிய மாத்துங்க.”

நியாயம்தான். சுழல்கிற பிளேடுக்குப் பக்கத்தில் வேட்டி, லுங்கி, தொங்குகிற துண்டு எதுவும் கூடாது. பழைய ஆபீஸ் பேன்ட் போட்டேன். முழங்கை வரை சட்டையை மடித்தேன். மோதிரத்தைக் கழற்றச் சொன்னாள், கழற்றினேன். தோளில் துண்டு இல்லாமல் கொல்லைக்கு நடந்தபோது ஊரே பார்க்கிறமாதிரி கூச்சமாக இருந்தது. கண்ணாடி கேட்டாள், மூக்குக்கண்ணாடி போதாது, பக்கம் மூடிய கண்ணாடி வேண்டும் என்றாள். கொரோனாவில் மிஞ்சிய முகக்கவசம் தூசிக்கு உதவியது. எல்லாம் போட்டு நின்றதும் அவளுக்கே மனசு இளகி, “கையில காயம் படாம ஒரு கிளவுஸ் போட்டுக்கோங்களேன்” என்றாள். இந்த ஓர் இடத்தில் நான் அவளுக்குப் பாடம் எடுத்தேன். கையுறை மட்டும் கூடாது. பல் ஒரு நூலைப் பிடித்தால் கையுறையோடு கையையும் சேர்த்து உள்ளே இழுக்கும். வெறும் கைதான் தப்பிக்க வல்லது. “அப்ப ரம்பத்துக்குக் கிட்டவே போகாத கை இன்னும் நல்லாத் தப்பிக்கும்ல?” என்றாள். பாடம் முடிந்தது.

சாவி கிடைத்தது. பொத்தானைத் தட்டினேன். கரண்ட் இல்லை.

கரண்ட் போவது திண்டுக்கல்லில் செய்தியே இல்லை. திரும்ப வருவதுதான் ரம்பத்துக்கு முன்னால் நிற்கிறவனுக்குச் செய்தி. தட்டிய பொத்தானை அணைக்காமல் விட்டு, பிளேடில் ஒட்டிய தூசியைத் துடைக்கக் குனிந்திருக்கும்போது வந்தால் என்ன ஆகும்? எங்கள் சித்தப்பாவுக்கு வேடசந்தூர்ப் பக்கம் தோட்டம். கிணற்று மோட்டார் ஸ்டார்ட்டரில் ஒரு காயில் இருக்கும்; கரண்ட் போனால் அது தொடர்பை விட்டுவிடும், திரும்ப வந்தாலும் யாராவது போய்ப் பொத்தானை அமுக்கினால்தான் மோட்டார் ஓடும். ராத்திரி கரண்ட் வரும்போது பாம்புக்கும் பனிக்கும் நடுவில் போய் அமுக்க முடியாது என்று, தானாக ஓடவைக்கிற ஆட்டோ ஸ்டார்ட்டரைச் சித்தப்பா தனியாகக் காசு கொடுத்து மாட்டியிருக்கிறார். ரம்பத்துக்கு வேண்டியது அதற்கு நேர் எதிர்: தானாக ஒருபோதும் ஓடக் கூடாது. அந்த மாதிரிப் பொத்தான் ஒன்றை எலெக்ட்ரீஷியனை வைத்து மாட்டினேன். அவர், “இதுக்கு ஆட்டோ போட்டுத் தரவா சார், வசதியா இருக்கும்” என்று கேட்டார். நல்ல மனிதர்.

பிறகு மரம். வேடசந்தூர்ப் பக்கத்து நூற்பாலைகளுக்கு மெஷின் வந்திறங்கிய பெட்டிகளின் பைன் பலகை பழைய மரக்கடைகளில் கிடைக்கும். கதவு, நிலைக்கு இடை அடைக்க அந்த மெத்தென்ற மரம் போதும். கொஞ்சம் நசுங்கிக் கொடுக்கும். ஆணி இருக்கிறதா என்று காந்தத்தைத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் ரம்பத்தில் வைக்க வேண்டும். மம்பட்டிக் கணைக்கு அடிக்கிற ஆப்புக்கு வேல், வாகை போல உறுதியான மரம். எதுவானாலும் நார் ஆப்பின் நீளவாக்கில் ஓட வேண்டும். குறுக்கே ஓடினால் முதல் சுத்தியல் அடியிலேயே ஆப்பு இரண்டாகிவிடும். சரிவுக்கும் ஒரு கணக்கு: 15 செ.மீ. நீளத்துக்குத் தடித்த முனை 15 மில்லிமீட்டர், மெல்லிய முனை ஒரு மில்லிமீட்டர். கிட்டத்தட்டப் பத்துக்கு ஒன்று. அதைவிடச் செங்குத்தாக வைத்தால் ஆப்பு மரத்தைப் பிடிக்காது, அடிக்க அடிக்கத் தெறித்து வெளியே வரும். தேவையில்லாமல் நெஞ்சை நிமிர்த்துகிறவன் எங்கேயும் தங்கமாட்டான் என்று ஆசாரி இதற்கு ஒரு விளக்கம் சொன்னார். என்னைப் பார்த்துச் சொன்னாரா என்று கேட்டுக்கொள்ளவில்லை.

மரம், சரிவு, பொத்தான், பேன்ட் எல்லாம் தயார். இந்தச் சிம்பை எதால் பிடிப்பது? அங்கேதான் ஜிக். யோசனை சுலபம்: சின்னதைப் பிடிக்க முடியாதென்றால், பிடிக்கக்கூடிய பெரிய ஒன்றுக்குள் சின்னதை உட்காரவைக்க வேண்டும். கை அகலத்துக்கும் முழங்கை நீளத்துக்கும் ஒரு பிளைவுட் பலகை. அதன் ஓர் ஓரத்தில், வேண்டிய ஆப்பின் உருவத்திலேயே ஒரு வெட்டு, கைரம்பத்தால். பலகையின் மறு ஓரம் பக்கத்தடுப்பை ஒட்டி வழுக்கிப் போகும்; வெட்டு உள்ள ஓரம் பிளேடை உரசாமல் ஒட்டிப் போகும். 15 செ.மீ. நீளமும் ஒரு சாண் அகலமும் உள்ள மரத்துண்டை அந்த வெட்டுக்குள் அணைத்துப் பிடித்துத் தள்ளினால், வெட்டுக்குள் இருக்கிற மரம் மட்டும் ஆப்பாகப் பிரியும். பிரிந்த ஆப்பு மாட்டிக்கொள்ள இடமே இல்லை, அது ஜிக்கின் மடியில் உட்கார்ந்தபடி பிளேடைத் தாண்டிப் போய்விடும். துள்ளாமல் இருக்க வெட்டுக்கு மேலே ஒரு சின்னப் பலகைக் கூரை. தள்ள ஒரு கைப்பிடி. அடுத்த முறை மரத்துண்டைத் தலைமாற்றி வைக்க வேண்டும். அப்போதுதான் ஒருமுறை சாய்ந்த ஓரம் மறுமுறை நேராகும், நாரும் கோணாது. பிளேடு மரத்துக்கு மேல் கொஞ்சமாகத் தெரிந்தால் போதும். பிளேடைச் சுற்றியுள்ள சந்தில் மெல்லிய சிம்பு விழுந்து தெறிக்காமல் இருக்க, அந்தச் சந்தை அடைத்து ஒரு பிளைவுட் தகடு. பிறைத் தகடு அதன் இடத்தில் அப்படியே. நிற்பது பிளேடுக்கு நேரே அல்ல, ஓரடி தள்ளி. மரத்துண்டின் அகலம் குறைந்து கை பிளேடை நெருங்க ஆரம்பித்தால் மிச்சத்தை அடுப்புக்குக் கொடுத்துவிட வேண்டியதுதான். கஞ்சத்தனம் விரலைத் தின்னும்.

இதை எழுத எடுத்த நேரத்தைவிடப் பல மடங்கு நேரம் ஜிக் செய்ய ஆனது. அந்த நேரத்தில் ஆசாரி வாய்ச்சியால் ஒரு கல்யாண மண்டபத்துக்கே ஆப்பு செதுக்கியிருப்பார். ஜிக் செய்ய நான் பயன்படுத்தியது கைரம்பம், உளி, அரத்தாள். மனைவி வந்து பார்த்துவிட்டு, “கைரம்பத்துலயே இவ்வளவு நல்லா ஆப்பு மாதிரி அறுக்கத் தெரியுதே. அப்புறம் மெஷின் எதுக்கு?” என்றாள். இதற்கு விடை எனக்கு இன்னும் தெரியவில்லை. எழுதி வைத்திருக்கிறேன், தெரிந்தவர்கள் கிடைத்தால் கேட்க வேண்டும்.

ரம்பத்தைக் கொல்லையில் வைத்து ஓட விட்டேன். ரம்பம் ஆடியது.

கொத்தனார் கொல்லைக்கும் வாட்டம் விட்டிருந்ததை மறந்துவிட்டேன். ஆடுகிற ரம்பத்தில் எதையும் அறுக்கக் கூடாது. மேஜையே நகர்ந்தால் ஜிக் என்ன செய்யும்? அணைத்தேன். காலுக்கடியில் வைக்க ஒரு ஆப்பு வேண்டும். வீட்டில் தேடியபோது ஆசாரி அன்றைக்குச் செதுக்கிப் போட்ட, ஒன்று போல் ஒன்று இல்லாத வேப்ப ஆப்புகள் திண்ணை இடுக்கில் கிடந்தன. ஒன்றை எடுத்துச் செருகினேன். ரம்பம் அசையவில்லை.

அறுத்தேன். முதல் ஆப்பு வந்ததும் ஜிக்கை முழுக்கத் தாண்டித் தள்ளி, மெஷினை அணைத்து, பிளேடு நிற்கும் வரை நின்று, அதன் பிறகே ஆப்பை எடுத்தேன். மூக்கில் வைத்து முகர்ந்து பார்த்தேன், பைன் வாசம். அம்மாவிடம் காட்டினேன். அவள் ஆப்பைப் பார்க்கவில்லை. “கையக் காட்டு” என்றாள். ஒவ்வொரு விரலாகத் தொட்டு எண்ணிவிட்டு, “சரி போ” என்றாள். அதன் பிறகு சாயங்காலங்களில் இது வழக்கமாகிவிட்டது. வெளியூர் சொந்தக்காரர்கள் இருக்கும்போதும் எண்ணுகிறாள்.

சில நாளில் ஒரு சாக்கு ஆப்பு சேர்ந்தது. எல்லாம் ஒரே அளவு, ஒரே சரிவு. பக்கத்து வீட்டு அண்ணன் ஒன்றை எடுத்து, “இந்த வேகத்துல போனா தேருக்கே முட்டுக்கட்டை நீங்க சப்ளை பண்ணலாம் தம்பி” என்றார். கிண்டல்தான். ஆனால் எனக்குச் சுருக்கென்றது. பழனியில் பங்குனி உத்திரத் தேர் கிரிவீதியில் வரும்போது பார்த்திருக்கிறேன். முன்னால் ஜனம் வடம் பிடிக்க, பின்னால் யானை முட்டித் தள்ள, சக்கரத்தோடு ஒட்டி நடக்கிற ஒரு சிலர் மட்டும் மேலே பார்க்கவே மாட்டார்கள். கண் முழுக்கச் சக்கரத்தில். கையில் முட்டுக்கட்டை. திருவாரூர் ஆழித்தேருக்குத் திருச்சி ‘பெல்’ தொழிற்சாலை இரும்புச் சக்கரமும் ஹைட்ராலிக் பிரேக்கும் செய்து கொடுத்த பிறகும், தேரைத் திருப்புவதும் நிறுத்துவதும் மரக்கட்டை போடுகிறவர்கள் கையில்தான் இருக்கிறது. கட்டையைச் சக்கரத்துக்கு முன்னால் போட்டுவிட்டுக் கையை எடுக்கிற அந்த ஒரு நொடி இருக்கிறதே, அதற்கு ஜிக் கிடையாது, பூட்டு கிடையாது, மாங்காய்ச் சாவி வைத்திருக்கிற மனைவியும் அங்கே கிடையாது. நான் கண்ணாடி, கவசம், பேன்ட் சகிதம் பீரோவுக்கு ஆப்பு அறுக்கிறவன். அண்ணனிடம் “தேரெல்லாம் வேண்டாம்ணே, உங்க வீட்டு வாஷிங் மெஷினுக்கு வேணும்னா ரெண்டு எடுத்துக்கோங்க” என்றேன். நாலு எடுத்துக்கொண்டார்.

பிறகு கொல்லைக் கதவின் நிலை தளர்ந்து, கதவு தரையில் உரச ஆரம்பித்தது. அதைத் தூக்கி நிறுத்தும் துணிச்சல் எனக்கு இல்லை. ஆசாரியை மறுபடி அழைத்தேன். தளவாடப் பையைத் திறக்க விடாமல், “ஆப்பு நீங்க செதுக்க வேண்டாம். நம்மகிட்டயே இருக்கு” என்று சாக்கைக் கொண்டுவந்து அவர் முன் கொட்டினேன்.

அவர் குனிந்து, ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். இன்னொன்றை எடுத்து அதோடு சேர்த்து வைத்துப் பார்த்தார். புருவம் உயர்ந்தது. “மெஷின்லயா சார்? ஜம்முனு இருக்கு. நூல் பிசகல.”

மனைவி கதவருகில் நின்று கேட்டுக்கொண்டிருக்கிறாளா என்று ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டேன். நின்றாள்.

ஆசாரி நிலையின் இடுக்கில் ஒரு ஆப்பை வைத்துப் பார்த்தார். எடுத்தார். உளியை எடுத்து ஒரு பக்கம் இரண்டு சீவல் சீவினார். வைத்தார். எடுத்தார். முனையில் இன்னொரு சீவல். கொட்டாப்புளியால் தட்டினார். கதவு நிமிர்ந்தது.

“அதான் ஒரே அளவா அறுத்து வச்சிருக்கேனே, அதை எதுக்குச் சீவுறீங்க?”

“ஆப்பு ஒரே அளவுதான் சார். உங்க வீட்டுச் சந்துதான் ஒவ்வொண்ணும் ஒரு அளவா இருக்கு.”

மற்ற கதவுகளுக்கும் அப்படியே சீவிச் சீவி அடித்து முடித்தார். கூலி கேட்டேன். முழு நாள் கூலி சொன்னார். போன தடவை டீதானே கேட்டீர்கள் என்றேன்.

“போன தடவ மரத்துல இருந்து ஆப்பு செஞ்சேன், அது நம்ம தொழில். இது செஞ்ச ஆப்ப மறுபடி செய்யிறது, ரெட்டை வேல சார்” என்று சொல்லிவிட்டுத் தளவாடப் பையைக் கட்டினார்.

மனைவி சாவிக்கொத்தைத் தேடாமல் பணப்பையைத் தேடி எடுத்து வந்தாள். எண்ணிக் கொடுக்கும்போது வாய்க்குள்ளேயே டீக் கணக்கும் போட்டாள்.